துண்டு எந்தத் தோளில் இருந்தது

பிப்ரவரி 3, செவ்வாய். ரயில்

இந்த டயரி ஒரு விஸ்கி கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பொறுப்போடு அருந்துங்கள்' என்று அச்சடித்திருக்கிறது. எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்லை. ஊற்றிக் கொடுக்கிற பழக்கம்தான். ஜனவரி முழுக்க வெறும் பக்கம். கோவா ரயிலில் பொழுது போகாததால் இன்று ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் எட்டுப் பேர், எல்லாரும் பெண்கள். சென்னையில் ஒரு பார் சர்வீஸ் கம்பெனியின் ஆட்கள். ரிசப்ஷன், கம்பெனி பார்ட்டி, இசை விழா, எங்கே அனுப்பினாலும் போவோம். இந்த முறை மூன்று நாள் இசை விழா. ஒரு நாளைக்கு இருபதாயிரம் பேர் வருவார்களாம். விளம்பரத்தில் 'பெண்களே நடத்தும் பார்' என்று போட்டிருக்கிறார்கள். நடத்துவது கிளமெண்ட் சார். அவர் ஏசி பெட்டியில் வருகிறார்.

கிளம்பும்போது சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது நல்லபடியாக முடிந்தால் அடுத்த விழாவிலிருந்து நீதான் இன்சார்ஜ் என்றார். இன்சார்ஜுக்கு ஒரு நாற்காலி உண்டு. ஏழு வருஷத்தில் எந்த விழாவிலும் நான் உட்கார்ந்ததில்லை. சந்தோஷம் என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான்.

பிப்ரவரி 4, புதன்

வந்து சேர்ந்தோம். ஒரு பெரிய கூடாரத்தில் எட்டுக் கட்டில். வேலைக்காரர்களுக்கான கழிவறை அரை கிலோமீட்டர் தள்ளி. பெண்களுக்கு இரண்டே இரண்டு. ஏழு மணி நேர வேலையில் எப்போது தண்ணீர் குடிப்பது என்று லூர்து ஒரு கணக்குப் போட்டுச் சொன்னாள். அவள் ராயபுரம். என்னோடு ஐந்து வருஷமாக வேலை செய்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். கணக்கு என்னவென்றால், குடிக்கவே கூடாது.

கழிவறைக் கதவில் ஒரு நோட்டீஸ். தொந்தரவு ஏதாவது நடந்தால் இந்த எண்ணைக் கூப்பிடவும், பெண் அதிகாரிகள் வருவார்கள். வரிசையில் நின்ற நேரத்தில் லூர்துவுக்கு எண் மனப்பாடமாகிவிட்டது.

சட்டைகள் வந்தன. ஆம்பளை அளவு. கறுப்பு நிறம்.

பிப்ரவரி 5, வியாழன்

கவுண்டர் அமைத்தோம். நாற்பது அடி நீளப் பலகை. பின்னால் இரண்டடி சந்து. சந்தில் இரண்டு பேர் கடக்க வேண்டுமென்றால் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மதியம் புதியவர்களுக்குப் பயிற்சி. நான்தான் எடுத்தேன். துண்டு முறையைச் சொல்லிக்கொடுத்தேன். இது என் கண்டுபிடிப்பு. ஒவ்வொருத்திக்கும் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும், கை துடைக்க. அது எப்போதும் வலது தோளில். எவனாவது கையைப் பிடித்தால், பேச்சு ஒரு மாதிரி போனால், துண்டை இடது தோளுக்கு மாற்ற வேண்டும். உடனே பக்கத்தில் இருப்பவள் போய், "உன்ன ஸ்டோர்ல கூப்புடுறாங்க" என்று அவளை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நிற்பாள். ஆள் மாறினால் பெரும்பாலான வீரர்களுக்கு வீரம் போய்விடும். கத்திக் கூப்பிட்டுப் பயனில்லை. மேடை ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் பாத்திரம் விழுந்தாலே கேட்காது. கிளமெண்ட் சாருக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துப்போய் காண்ட்ராக்டில் 'பாதுகாப்பு நடைமுறை' என்று சேர்த்துக்கொண்டார். என் பெயர் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

புதியவர்களில் ஒருத்தி சுபாஷிணி. விழுப்புரம் பக்கம், கேட்டரிங் டிப்ளமோ, இருபத்து மூன்று வயது. நுரை கட்டாமல் பீர் ஊற்றுகிறாள், நல்ல கை. ஆனால் இடக்கை. துண்டை வீசினால் அது நேராக இடது தோளில் போய் உட்காருகிறது. வலது தோள் என்று நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் "சாரிக்கா" என்றாள்.

பிப்ரவரி 6, வெள்ளி. முதல் நாள்

மதியம் மூன்று மணிக்குக் கதவு திறந்தார்கள். மூன்றே காலுக்கு முதல் ஆள் என்னிடம், "பீரைப் பத்தித் தெரிஞ்ச ஆம்பளை யாராவது இருக்காங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு என்னிடமே வாங்கிக்கொண்டார்.

பொதுவாக நல்ல கூட்டம். என் வயது கேட்டவர்கள் ஆறு பேர். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டவர்கள் ஒன்பது. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டவர் ஒருவர், அவருக்கே என் அப்பா வயது இருக்கும்.

சுபாஷிணியால் லூர்து பாடு திண்டாட்டம். நாலு மணிக்குத் துண்டு இடது தோளில். லூர்து ஓடினாள். ஒன்றுமில்லை, பழக்க தோஷம். கால் மணி கழித்து மறுபடியும். ஆறு மணிக்குள் பதினோரு தடவை ஓடியிருக்கிறாள். ஏழாவது தடவை எதிரே நின்ற ஒரு பல் டாக்டரை, "இன்னா வேணும் உனக்கு?" என்று முறைத்திருக்கிறாள். அவர் பாவம், ஆரஞ்சு ஜூஸ் கேட்டு வந்தவர்.

ராத்திரி சாப்பாட்டில் லூர்து சொன்னாள், "தமா, துண்டு வாணாம். தொப்பி வெச்சிக்கலாம். பிரச்சனைன்னா தொப்பிய பின்னால திருப்பு. அதுல இடக்கை வலக்கை கெடையாது."

நன்றாக ஓடுகிற முறையை ஒருத்திக்காக மாற்ற முடியாது என்று விளக்கினேன். அப்புறம், சுபாஷிணியின் துண்டை மட்டும் யாரும் கண்டுகொள்ள வேண்டாம், அவளுக்கு ஏதாவது என்றால் கூப்பிடட்டும் என்று முடிவானது.

பிப்ரவரி 7, சனி. காலை

சுபாஷிணி சட்டையின் வலது தோளில் ஒரு பெரிய ஊக்குக் குத்தியிருந்தாள். தையல் விட்டுவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லக்கா, துண்டுக்கு. துண்டையும் சட்டையையும் சேத்துக் குத்திட்டேன். இனிமே கை மறந்தாலும் துண்டு நகராது. நெசமாவே ஏதாச்சும்னாதான் ஊக்க எடுத்து மாத்துவேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுறீங்களாக்கா?"

சரி என்றேன். அதற்குள் ஐஸ் வண்டி வந்துவிட்டது.

பிப்ரவரி 7, இரவு

கூட்டம் அதிகம். பீர் கொஞ்சம் வீணானது. கால் வலி.

பிப்ரவரி 8, ஞாயிறு. காலை எட்டு மணி

நேற்று நடந்ததைப் பற்றிக் கிளமெண்ட் சாருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அதனால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மாலை ஐந்து மணி இருக்கும். வெயில் நேரே முகத்தில். கவுண்டர் முன்னால் இருநூறு பேர். ஸ்பான்சர் கம்பெனி ஆள் ஒருவர், கையில் சிவப்புப் பட்டை. சிவப்புப் பட்டைக்காரர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், கவுண்டருக்குப் பின்னாலும் வரலாம். நாற்பத்தைந்து வயது, வெள்ளைக் கால்சட்டை. சந்துக்குள் வந்து எங்கள் ஒவ்வொருவரோடும் போட்டோ எடுத்துக்கொண்டார். சுபாஷிணியிடம் வந்ததும் நின்றுவிட்டார். இடது கையால் ஊற்றினால் ராசி இல்லை என்று சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து வலது கைக்கு மாற்றியிருக்கிறார். கற்றுக்கொடுக்கிறாராம். பிறகு அந்தக் கை இடுப்புக்கு வந்தது. சந்து இரண்டடி. முன்னால் பலகை, பின்னால் அவர். சுபாஷிணி ஊற்றிக்கொண்டே இருந்தாள். எதிரே ஆட்கள் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரத்தில் அவள் குழாயிலிருந்து பத்தொன்பது டம்ளர் போயிருக்கிறது என்று மெஷின் காட்டுகிறது.

இருபதாவதை அவள் டம்ளரில் பிடிக்கவில்லை. குழாயோடு வரும் ரப்பர் பைப்பைக் கழற்றி அவர் பக்கம் திருப்பினாள். வெள்ளைக் கால்சட்டை என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

கிளமெண்ட் சார் ஓடி வந்தார். அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டார். சுபாஷிணியை ஸ்டோரில் ஐஸ் பெட்டி மேல் உட்கார வைத்தார்கள். நான் மூன்று பேர் தள்ளி நின்றிருந்தேன். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

காலை பத்து மணி

கிளமெண்ட் சார் டீ வாங்கிக்கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. என் கால் வலிக்கு மாத்திரை கொண்டுவந்திருந்தார்.

"தமா, இது நீ கொண்டாந்த முறைதானே? காண்ட்ராக்ட்லயே இருக்கு. துண்ட மாத்துனா பக்கத்துல இருக்கறவங்க வரணும். யாரும் வரல. அப்படீன்னா என்ன அர்த்தம்? அவ மாத்தவே இல்ல."

நான் டீ குடித்தேன்.

"ஸ்பான்சர் ரொம்பக் கோவமா இருக்காரு. சும்மா போட்டோ எடுக்க நின்னேன், அந்தப் பொண்ணுக்குப் பைத்தியமாங்கறாரு. துண்டு வலது தோள்லதான் இருந்துச்சுன்னு ரெண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போடு. நடைமுறைய அவ ஃபாலோ பண்ணல, பிரச்சனை இருந்திருந்தா பண்ணியிருப்பா. அவ்வளவுதான். மீதிய நான் பாத்துக்கறேன்."

"அவளுக்கு என்ன சார் ஆகும்?"

"இன்னிக்கே ஊருக்கு அனுப்பிடுவோம். நம்ம ஆளுங்க குரூப்ல பேர் போட்டுருவேன், அது போட்டுத்தான் ஆகணும். பார் வேலைக்கு இனிமே கூப்பிட மாட்டாங்க. சின்னப் பொண்ணு, வேற வேலை பாத்துக்கட்டும்."

போகும்போது கவுண்டரின் கோடியைக் காட்டினார். ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. முதுகில் 'இன்சார்ஜ்' என்று காகிதம் ஒட்டியிருந்தது. "அடுத்த விழா வரைக்கும் எதுக்கு? இன்னிக்கே உக்காரு" என்றார்.

காலை பதினொன்று

கூடாரத்தில் சுபாஷிணி கட்டிலில் உட்கார்ந்து சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். வலது தோளில் ஒரு ரூபாய் அளவுக்குக் கிழிசல். ஊக்கை அவசரமாகப் பிடுங்கியதில் கிழிந்தது. நான் தைத்துத் தரட்டுமா என்றேன்.

"வேணாங்க்கா. எனக்கு இடது கையில நல்லா வரும்."

தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நேத்து காலையில எல்லார்கிட்டயும் சொல்றேன்னீங்களே. சொன்னீங்களாக்கா?"

ஐஸ் வண்டி வந்துவிட்டது என்றேன்.

"ஐஸ் வண்டி" என்று அவளும் சொன்னாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மதியம் பன்னிரண்டரை

அறிக்கைக்கு முதல் வரி எழுதிப் பார்த்தேன். 'துண்டு எந்தத் தோளில் இருந்தது என்பது எனக்குச் சரியாக நினைவில்லை.' நல்ல வரி. பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அந்த வரியைச் சாய்ந்தும் நிமிர்ந்தும் பார்த்தேன். பிறகு இந்த டயரியில் நானே எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை 'முடிவானது' என்று எழுதியிருக்கிறேன். அதுவாக முடிவாகவில்லை. நான்தான் முடிவு செய்தேன். "அவ துண்ட விடுங்கடி, அது சும்மா ஆடும்" என்பதுதான் நான் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். சுபாஷிணியும் சேர்ந்து சிரித்தாள்.

'யாரும் கவனிக்கவில்லை' என்று காலையில் எழுதியிருக்கிறேன். நான் கவனித்தேன். துண்டு இடது தோளில் இருந்தது. பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஐந்து வருஷமாக ஒழுங்காக ஓடுகிற என் முறையை ஒரு விழுப்புரத்துப் பெண் கெடுக்கிறாளே என்கிற எரிச்சல். அன்று காலையில் அவள் ஊக்குக் குத்தியது எனக்கு நினைவு இருந்தது. இருந்தும் திரும்பிக்கொண்டேன். அந்தப் பத்தொன்பது டம்ளர் நேரத்தில் நான் இருபத்திரண்டு டம்ளர் ஊற்றியிருக்கிறேன். அதையும் மெஷின் காட்டுகிறது. அவளைவிட மூன்று அதிகம்.

வெட்கமாக இருக்கிறது. கூப்பிடட்டும் என்று சொன்னவளுக்கு, அங்கே கூப்பிட்டால் கேட்காது என்பது நன்றாகத் தெரியும். புதியவர்களுக்குப் பயிற்சியில் அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

மதியம் ஒன்றரை

வேறு காகிதம் இல்லை. இந்த டயரியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எழுதினேன். எழுதியதை இங்கேயும் நகல் எடுத்துக்கொள்கிறேன்.

'சனிக்கிழமை மாலை சுபாஷிணியின் துண்டு இடது தோளில் இருந்தது. நான் பார்த்தேன். வந்தவர் பின்னால் நின்று அவள் இடுப்பில் கை வைத்திருந்ததையும் பார்த்தேன். அவளுடைய துண்டைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை எல்லாரிடமும் சொன்னது நான். நிஜமான அடையாளமாக இருக்கட்டும் என்று சனிக்கிழமை காலை அவள் ஊக்குக் குத்திக்கொண்டு வந்து, அதை எல்லாருக்கும் சொல்லும்படி என்னிடம் கேட்டாள். நான் யாருக்கும் சொல்லவில்லை. நடைமுறையை அவள் சரியாகச் செய்தாள். செய்யாதது நான். இப்படிக்கு, தமயந்தி.'

கிளமெண்ட் சார் இரண்டு தடவை படித்தார். "இது உன்ன நீயே மாட்டிவிட்டுக்கற மாதிரி இருக்கே" என்றார். ஆமாம் சார் என்றேன். பக்கத்தின் அடியில் 'பொறுப்போடு அருந்துங்கள்' என்று இருந்ததைக் காட்டி, இப்படியா அறிக்கை கொடுப்பார்கள், கிழித்துப் போட்டுவிட்டு நல்ல காகிதத்தில் நிதானமாக யோசித்து எழுதி வா என்று திருப்பிக் கொடுத்தார்.

வெளியே லூர்து நின்றிருந்தாள். வாங்கிப் படித்தாள். அவளுக்குப் படிக்க நேரமாகும். படித்து முடித்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இதுவரை அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஊக்கு விசயம் எனக்குத் தெர்ஞ்சிருந்தா நான் போயிருப்பேன் தமா."

"தெரியும்."

"பன்னெண்டாவது தடவையும் ஓடியிருப்பேன்."

"தெரியும் லூர்து."

காகிதத்தைச் சுவரில் வைத்துப் போனில் போட்டோ எடுத்தாள். கழிவறைக் கதவு எண்ணுக்கு அனுப்பினாள். எண்ணைப் பார்க்கக்கூட அவள் போகவில்லை.

பிப்ரவரி 8, மாலை

இரண்டரை மணிக்கு இரண்டு பெண் அதிகாரிகள் வந்தார்கள். சுபாஷிணியிடம் அரை மணி, என்னிடம் பத்து நிமிஷம். சட்டைக் கிழிசலைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தையலைப் பிரிக்கலாமா என்று கேட்டார்கள். அவளே பிரித்துக் காட்டினாள்.

நாலு மணிக்கு அந்த ஆளின் சிவப்புப் பட்டையை வெட்டிவிட்டு, பச்சை கட்டி அனுப்பினார்களாம். பச்சை என்றால் மற்றவர்களைப் போல வரிசையில் நின்று வாங்க வேண்டும். மேற்கொண்டு புகார் கொடுப்பதா இல்லையா என்று சுபாஷிணிதான் சொல்ல வேண்டும், கொடுத்தால் நாங்கள் கூட நிற்கிறோம் என்று அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள்.

"வரிசைல நிக்கறது ஒரு தண்டனையா?" என்று லூர்து கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்.

சுபாஷிணியை ஊருக்கு அனுப்பவில்லை. ஐந்து மணிக்குக் கவுண்டருக்கு வந்து தன் இடத்தில் நின்றாள். பீர் ஊற்றினாள். இடது கையால்.

என்னை ஐஸ் பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். கட்டியை உடைத்து வாளியில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை. நாற்காலியில் இருந்த காகிதம் அப்படியே இருந்தது, ஆள் மட்டும் மாறிவிட்டது. லூர்துதான் இன்சார்ஜ். சாருக்கு வேறு வழியில்லை, அதிகாரிகளின் எண் அவளிடம்தான் இருக்கிறது. அவள் நாற்காலியில் உட்காரவில்லை. எங்கிருந்தோ எட்டுத் தொப்பி வாங்கிவந்து அதன்மேல் வைத்தாள்.

"தொப்பி பின்னால திரும்புனா போவணும். யாரு, எவ, எத்தினியாவது தடவைன்னு பாக்கக் கூடாது. புர்தா?"

ஆறு பேரும் புரிந்தது என்றார்கள். ஐஸ் வாளியோடு நின்ற நானும் சொன்னேன். எனக்கும் ஒரு தொப்பி கொடுத்தாள்.

பிப்ரவரி 9, திங்கள். ரயில்

கூடாரம் பிரித்தோம், பலகை கழற்றினோம், டம்ளர் கழுவினோம். கை ஐஸில் வெந்துபோயிருக்கிறது, பேனா பிடிக்க வலிக்கிறது. கிளமெண்ட் சார் ஏசி பெட்டியில் வருகிறார். மார்ச் விழாவுக்கு என்னைக் கூப்பிடுவது பற்றி யோசிக்க வேண்டும் என்றார். மாத்திரையைத் திருப்பிக் கேட்கவில்லை.

சாயங்காலம் சுபாஷிணி எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். மடியில் அந்தச் சட்டை, மறுபடியும் தைக்க வேண்டியிருந்தது. புகார் கொடுக்கப் போகிறாளாம். அம்மாவிடம் பேசிவிட்டாளாம். நான் சாட்சி சொல்ல வர வேண்டியிருக்கும் என்றாள். வருகிறேன் என்றேன். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வருகிறேன் என்றேன்.

"நீங்க எழுதிக் குடுத்தத லூர்தக்கா காட்டுனாங்க. உள்ளத உள்ளபடி எழுதியிருக்கீங்க."

டயரியை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீங்க தெனமும் டயரி எழுதுறீங்க இல்லக்கா?"

"இந்த வாரம்தான்."

ஊசியில் நூல் கோத்தாள். ரயில் ஆட்டத்தில் மூன்றாவது முயற்சியில்தான் கோக்க வந்தது.

"இன்னிக்கு எழுதும்போது, சுபாஷிணி என்ன மன்னிச்சுட்டான்னு எழுதிடாதீங்கக்கா. நான் இன்னும் மன்னிக்கல."

எழுதவில்லை.